சிறுநீர் கல்ச்சரில் ஈஸ்ட் வந்தால் என்ன செய்வது: முழுமையான வழிகாட்டி

காலை ஒன்பது மணிக்கு இன்குபேட்டரைத் திறந்து, முந்தைய நாள் போட்ட சிறுநீர் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில்தான் என் வேலை நாள் தொடங்கும். ஈஸ்ட் என்னும் நுண்ணிய பூஞ்சை வளர்ந்த தட்டு மூடியைத் தூக்கும்போதே தெரிந்துவிடும். புளித்த மாவின் வாசனை லேசாக வரும். பாலாடை நிறத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள் இருக்கும். ஒரு பொட்டைத் தொட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் முட்டை வடிவச் செல்கள், சிலவற்றின் ஓரத்தில் மொட்டு விட்டதுபோல இன்னொரு குட்டிச் செல். ரிப்போர்ட்டில் 'பட்டிங் ஈஸ்ட் செல்ஸ்' என்று எழுதுவது இதைத்தான்.

அந்தத் தட்டு உறுதியாகச் சொல்வது ஒன்றே ஒன்று: லேபுக்கு வந்த டப்பாவில் ஈஸ்ட் இருந்தது. அது சிறுநீரகத்திலிருந்து வந்ததா, சிறுநீர்ப்பையிலிருந்தா, யூரின் டியூபின் உட்சுவரிலிருந்தா, தொடையோரத் தோலிலிருந்தா என்பது தட்டுக்குத் தெரியாது. ஆனாலும் ரிப்போர்ட் வார்டுக்குப் போன அன்று மாலையே பல நோயாளிகளுக்குப் பூஞ்சை மருந்து தொடங்கிவிடுகிறது. ரிப்போர்ட்டுக்கும் மருந்துக்கும் நடுவில் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இருக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தவே இதை எழுதுகிறேன். ஐசியூ வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாருக்கும், வார்டு சிஸ்டர்களுக்கும், புதிதாக ட்யூட்டி பார்க்கும் டாக்டர்களுக்கும் இது உதவும். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் டாக்டரின் முடிவு. கேள்வி கேட்பது எல்லாருக்கும் உரிமை.

ஈஸ்ட் எப்படி உள்ளே வருகிறது

சிறுநீரில் வரும் ஈஸ்ட் பெரும்பாலும் கேண்டிடா இனத்தைச் சேர்ந்தது. அது வெளியிலிருந்து வந்த வில்லன் இல்லை. நம் குடலிலும், வாயிலும், பெண்களின் பிறப்புறுப்பிலும், அந்தரங்கத் தோல் மடிப்புகளிலும் சாதாரணமாகக் குடியிருப்பதுதான். பாக்டீரியாக்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்வரை அது அடங்கியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்கின்றன. வீரியமான ஆன்டிபயாடிக் பாக்டீரியாக்களைத் துடைத்தெடுக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் சிறுநீரிலேயே ஈஸ்ட்டுக்குத் தீனி கிடைக்கிறது. அப்புறம், தோலிலிருந்து நேராகச் சிறுநீர்ப்பைக்குள் ஏறிப்போக ஒரு ரப்பர் அல்லது சிலிக்கோன் பாதை: ஃபோலி கத்தீட்டர், அதாவது யூரின் டியூப். அமெரிக்காவில் பத்து மருத்துவமனைகளில் 861 நோயாளிகளை வைத்துச் செய்து 2000-ல் வெளியான ஆய்வில், சிறுநீரில் பூஞ்சை இருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு டியூப் இருந்தது. 90 சதவீதம் பேர் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தார்கள். 39 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நம் ஊர் வார்டுகளிலும் நான் பார்ப்பது இதே முகங்கள்தான்.

டியூபுக்குள் போன ஈஸ்ட் தனித்தனியாக மிதந்துகொண்டிருப்பதில்லை. சுவரில் ஒட்டி, தன்னைச் சுற்றி ஒரு பசையைப் பூசிக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாகப் படர்கிறது. குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பது போலத்தான். தண்ணீர் ஓடினாலும் பாசி போவதில்லை. மருந்தும் அந்தப் பசைக்குள் சரியாக இறங்குவதில்லை. இது மனதில் இருந்தால் கீழே சொல்லப்போகும் படிகளில் பாதி தானாகவே புரிந்துவிடும்.

படி 1: சாம்பிள் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள்

ஈஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் வார்டுக்குப் போன் போட்டு நான் கேட்கும் முதல் கேள்வி, "சிஸ்டர், பையிலிருந்து எடுத்தீங்களா, போர்ட்டிலிருந்து எடுத்தீங்களா?" என்பதுதான். பதில் வருவதற்கு முன் ஒரு சின்ன அமைதி இருந்தால் எனக்கு விடை தெரிந்துவிடும்.

யூரின் பையில் மணிக்கணக்கில் அறை வெப்பத்தில் தேங்கிய சிறுநீரில் எது வேண்டுமானாலும் பெருகும். அதை வைத்துக் கல்ச்சர் போட்டால் பையின் கதைதான் தெரியும், நோயாளியின் கதை தெரியாது. சரியான முறை இது. டியூபிலிருந்து பைக்குப் போகும் குழாயில், டியூபுக்குப் பக்கத்தில், சாம்பிள் எடுப்பதற்கென்றே ஒரு சின்ன போர்ட் இருக்கும். அதற்குக் கீழே குழாயைச் சில நிமிடம் கிளாம்ப் செய்ய வேண்டும். புதுச் சிறுநீர் வந்து நின்றதும், கை கழுவி, கிளவுஸ் போட்டு, போர்ட்டை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்துக் காய விட வேண்டும். ஸ்டெரைல் சிரிஞ்சால் எடுத்து ஸ்டெரைல் டப்பாவில் விட வேண்டும். கிளாம்பை எடுக்க மறக்கவே கூடாது. மறந்தால் சிறுநீர் உள்ளேயே தேங்கி வேறு வம்பு வரும். டியூபையும் பையையும் கழற்றி அந்த இடைவெளியில் பிடிப்பது தவறு. கழற்றுகிற ஒவ்வொரு முறையும் உள்ளே போக ஒரு கதவு திறக்கிறது.

எடுத்த சாம்பிள் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்கு வர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

டியூப் இல்லாத பெண்களுக்கு, நன்றாகக் கழுவிவிட்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். வெள்ளைப்படுதலோ அரிப்போ இருந்தால் அங்கிருக்கும் ஈஸ்ட் சாம்பிளில் கலந்துவிட வாய்ப்பு அதிகம்.

படி 2: இன்னொரு முறை எடுங்கள்

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். டியூப் இல்லாதவருக்குச் சுத்தமாக இன்னொரு சாம்பிள். டியூப் தேவைப்படுகிறவருக்குப் பழையதை எடுத்துப் புதியதைப் போட்டு, அதிலிருந்து சாம்பிள். இரண்டாவது முறை ஒன்றுமே வளராமல் போவது அடிக்கடி நடக்கிறது.

லேப் பக்கம் ஒரு வார்த்தை. கேண்டிடாவில் ஒரு வகையான கிளாப்ராட்டா மெதுவாக வளரும். 24 மணி நேரத்தில் தட்டைத் தூக்கிப் போட்டால் அது தப்பித்துவிடும். ஈஸ்ட் சந்தேகம் என்று வார்டிலிருந்து முன்கூட்டியே சொன்னால் நாங்கள் தட்டை 48 மணி நேரத்துக்கு மேலும் வைத்துப் பார்ப்போம்.

படி 3: ரிப்போர்ட்டை மூடிவைத்து நோயாளியைப் பாருங்கள்

நீர்க்கடுப்பு, அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, அடிவயிற்று வலி, விலாப்பக்க வலி, குளிர்க்காய்ச்சல் என்று ஏதாவது இருக்கிறதா? ஈஸ்ட் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதில் ஒன்றும் இருக்காது. டியூப் போட்டவருக்கு எரிச்சல் தெரியாமலும் போகலாம். மயக்கத்தில் இருப்பவர் சொல்லவே முடியாது. அதனால்தான் இந்தப் படி கடினமானது.

ரிப்போர்ட்டில் இருக்கும் மற்ற எண்களும் இங்கே பெரிதாகக் கைகொடுப்பதில்லை. பஸ் செல்ஸ் (சீழ் அணுக்கள்) அதிகம் என்று இருக்கலாம். டியூப் உரசினாலே பஸ் செல்ஸ் வரும். ஒரு லட்சம் காலனி (தட்டில் பொட்டாக வளர்ந்த கிருமிக் கூட்டம்) என்று இருக்கலாம். பாக்டீரியாவுக்கு அந்த எண்ணை ஒரு எல்லைக்கோடாக வைத்திருக்கிறோம். ஈஸ்ட்டுக்கு, இதற்கு மேல் போனால் தொற்று, கீழே இருந்தால் சும்மா குடியிருப்பு என்று பிரித்துக்காட்டும் எண் எதுவும் கிடையாது. டிப்ஸ்டிக்கில் (சிறுநீரில் முக்கிப் பார்க்கும் பட்டை) பல பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நைட்ரைட் நெகட்டிவ் என்று வந்தாலும் அதை வைத்து ஈஸ்ட் இல்லை என்று சொல்ல முடியாது, ஈஸ்ட் நைட்ரைட் உண்டாக்காது.

ஐசியூவில் காய்ச்சல் இருக்கிறது, சிறுநீரில் ஈஸ்ட்டும் இருக்கிறது என்றால் இரண்டையும் உடனே முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. நெஞ்சுச் சளி, கழுத்தில் பெரிய இரத்தக்குழாயில் போட்ட சென்ட்ரல் லைன், ஆபரேஷன் காயம், சிறுநீரிலேயே கூட இருக்கும் பாக்டீரியா என்று எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் ஈஸ்ட் மேல் பழி போட வேண்டும். இரத்தக் கல்ச்சர் கட்டாயம். நான் மேலே சொன்ன 861 பேரில் இரத்தத்திலும் கேண்டிடா இருந்தவர்கள் 1.3 சதவீதம்தான். குறைவுதான், ஆனால் அந்தச் சிலருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இதற்கு எதிர்த்திசையும் உண்டு. இரத்தத்தில் முதலில் பரவிய கேண்டிடா சிறுநீரகத்தில் குட்டிக் குட்டிச் சீழ்ப்பொட்டுகளாகத் தங்கி, அங்கிருந்து சிறுநீரில் இறங்கும். அப்போது சிறுநீரில் தெரிவது வெறும் அடையாளம்தான், நோய் உடம்பு முழுக்க இருக்கிறது. நோயாளி சட்டென்று மோசமாகிக்கொண்டிருந்தால் டாக்டர்கள் இதையும் மனதில் வைப்பார்கள்.

படி 4: டியூபை எடுக்க முடியுமா என்று பாருங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் எனக்கு முக்கியம். "இவருக்கு இன்றைக்கு யூரின் டியூப் எதற்கு?" என்று தினமும் காலையில் ஒருவர் கேட்க வேண்டும். மணிக்கு மணி சிறுநீர் அளவு பார்க்க வேண்டிய மோசமான நிலை, சிறுநீர் அடைப்பு, சில ஆபரேஷன்கள், இடுப்புக்குக் கீழே ஆறாத புண் இருந்து சிறுநீர் கசிவது, கடைசி நாட்களில் நோயாளிக்கு நிம்மதி என்பவை நியாயமான காரணங்கள். "அடிக்கடி பாத்ரூம் கூட்டிப் போக ஆள் இல்லை", "பெட் நனையும்" என்பவை நியாயமான காரணங்கள் இல்லை. இரவு ட்யூட்டியில் இரண்டே சிஸ்டர்கள் முப்பது பேரைப் பார்க்கும் வார்டுகளை எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டம் உண்மை. அதற்கான விலையை நோயாளியின் சிறுநீர்ப்பை கொடுக்கிறது என்பதும் உண்மை. டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி ஏறும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை. ஒரு மாதம் ஆனால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஏறிவிடும்.

ஆண்களுக்குக் காண்டம் கத்தீட்டர், பெண்களுக்கு பெட் பேனும் டயப்பரும், அடைப்பு உள்ளவர்களுக்கு வேளாவேளைக்குப் போட்டு எடுக்கும் டியூப் என்று மாற்று வழிகள் இருக்கின்றன. டயப்பர் போட்டால் அடிக்கடி மாற்ற வேண்டும், தோலைக் காய வைக்க வேண்டும்.

மருந்து இல்லாமல் டியூபை எடுத்தாலே சுமார் 40 சதவீதம் பேருக்கு ஈஸ்ட் போய்விடுகிறது. எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் சுமார் 20 சதவீதம் பேருக்குப் போகிறது. கூடவே, தேவையில்லாத ஆன்டிபயாடிக்கை நிறுத்துவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் நடந்தால் பலருக்கு வேறெதுவும் வேண்டியதில்லை.

மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். அதே 2000-ல் வெளியான இன்னொரு ஆய்வில், ஆஸ்பத்திரியில் இருந்த 316 பேரில் ஒரு பாதிக்கு ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து தினம் 200 மி.கி., மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை, 14 நாட்கள். முடிவில் மருந்து சாப்பிட்டவர்களில் 50 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கும் சிறுநீர் சுத்தமாகியிருந்தது. மருந்து நிறுத்தி இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. படிக்கட்டுப் பாசியை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் மாற்றியதன் பலன்.

2015 ஜனவரியில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி, ஆஸ்பத்திரிகள் கணக்குக் கொடுக்கும் கத்தீட்டர் தொற்றுப் பட்டியலிலிருந்து ஈஸ்ட்டை எடுத்துவிட்டது. அது கண்காணிப்புக் கணக்குக்கான மாற்றம். ஈஸ்ட்டால் யாருக்கும் நிஜமான தொற்று வராது என்று அதற்குப் பொருள் இல்லை.

படி 5: அறிகுறி இல்லாமலேயே மருந்து வேண்டியவர்கள்

இவர்கள் மூன்று வகை. 1.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகள். வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துபோனவர்கள், உதாரணமாகக் கீமோதெரபி எடுப்பவர்கள். சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷனோ, கருவி உள்ளே விடும் சிகிச்சையோ நடக்கப்போகிறவர்கள். கல் உடைக்க, ஸ்டென்ட் (சிறுநீர்ப் பாதையில் வைத்த குட்டிக் குழாய்) மாற்ற என்று கருவி போகும்போது அங்கே இருக்கும் ஈஸ்ட் இரத்தத்தில் ஏறிவிடக்கூடும். அதனால் சிகிச்சைக்குச் சில நாள் முன்பும் பின்பும் மருந்து கொடுப்பார்கள்.

எடை குறைந்த குழந்தையின் சிறுநீரில் ஈஸ்ட் என்றால் நான் ரிப்போர்ட்டை அச்சடிக்கக் காத்திருக்க மாட்டேன். உடனே பச்சிளங்குழந்தைகளின் ஐசியூவான என்ஐசியூவுக்குப் போன் போடுவேன். அந்தக் குழந்தைகளுக்கு அது உடம்பு முழுக்கப் பரவியதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். இரத்தக் கல்ச்சர், முதுகுத் தண்டு நீர், கண் பரிசோதனை, சிறுநீரக ஸ்கேன் எல்லாம் பார்க்க வேண்டிவரும்.

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கும் தயங்காமல் மருந்து எழுதும் பழக்கம் இருக்கிறது. அறிகுறி இல்லாவிட்டால் அவர்களுக்கும் அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

படி 6: எந்த ஈஸ்ட் என்று தெரிந்துகொண்டு மருந்து

அறிகுறி இருக்கிறது, இரண்டாவது சாம்பிளிலும் வளர்ந்திருக்கிறது, மருந்து வேண்டும் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். இப்போது வெறும் 'ஈஸ்ட்' என்ற ரிப்போர்ட் போதாது. பெயர் வேண்டும்.

கேண்டிடாவின் வகைகளில் அல்பிகன்ஸைக் கண்டுபிடிப்பது எங்களுக்குச் சுலபம். மனித சீரத்தில் (இரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீர்) கலந்து 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் செல்லிலிருந்து நீளமாக ஒரு முளை கிளம்பும். நிற மாற்ற அகார் தட்டில் அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம், குருசை இளஞ்சிவப்பு. மேலை நாடுகளில் அல்பிகன்ஸும் கிளாப்ராட்டாவும் முன்னால் நிற்கும். நம் நாட்டில் டிராபிகாலிஸுக்கு முக்கிய இடம் உண்டு. 27 இந்திய ஐசியூக்களில் இரத்தத்தில் கேண்டிடா வந்தவர்களைப் பார்த்து 2015-ல் வெளியான ஆய்வில் அதுதான் முதலிடம். புது ரிப்போர்ட்டுகளில் கிளாப்ராட்டாவை நக்காசியோமைசிஸ் கிளாப்ராட்டஸ் என்றும், குருசையைப் பிச்சியா குட்ரியாவ்செவி என்றும் எழுதுகிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது, கிருமி அதேதான்.

ஃப்ளுகோனசோல் இங்கே முதல் மருந்தாக இருக்கக் காரணம் எளிது. அதில் 80 சதவீதம் போல மாறாமல் அப்படியே சிறுநீரில் இறங்குகிறது. அல்பிகன்ஸ் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு வழக்கமாகத் தினம் 200 மி.கி., இரண்டு வாரம். சிறுநீரகம் வரை ஏறியிருந்தால் 200 முதல் 400 மி.கி. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு டாக்டர் அளவை மாற்றுவார். குருசைக்கு ஃப்ளுகோனசோல் பிறவியிலேயே வேலை செய்யாது. கிளாப்ராட்டாவில் பலவும் அதற்கு அடங்குவதில்லை. அப்போது பழைய வகை ஆம்போடெரிசின்-பி ஊசி குறைந்த அளவில் சில நாட்கள். கிளாப்ராட்டாவுக்கு ஃப்ளூசைட்டோசின் கிடைக்குமிடத்தில் அதையும் கொடுப்பார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. 'பெரிய' மருந்து என்று கேஸ்போஃபங்கின், மைகாஃபங்கின் வகை ஊசிகளையோ வோரிகோனசோலையோ எழுதுவது. விலை அதிகம், இரத்தத்தில் நன்றாக வேலை செய்யும், ஆனால் சிறுநீரில் மிகக் குறைவாகத்தான் வரும். லைபோசோமல் ஆம்போடெரிசினும் சிறுநீருக்குச் சரியாக வந்து சேர்வதில்லை. மருந்தின் விலையைப் பார்த்து அதன் பலத்தை எடைபோடாதீர்கள் என்று குடும்பத்தாரிடம் நான் சொல்வதுண்டு.

ரிப்போர்ட்டில் கேண்டிடா ஆரிஸ் என்று இருந்தால் கதை வேறு. 2009-ல் ஜப்பானில் ஒருவரின் காதிலிருந்து எடுத்து முதலில் விவரிக்கப்பட்ட இந்த ஈஸ்ட் பெட் கம்பியிலும் பிபி கஃப்பிலும் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும், பக்கத்து பெட்டுக்குப் பரவும். பல மருந்துகளுக்கு அடங்காது. அறிகுறி இல்லாவிட்டாலும் நோயாளியைத் தனியாக வைத்து, தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அன்றே சொல்ல வேண்டும்.

படி 7: மற்ற மாத்திரைகளைச் சரிபாருங்கள்

என் சித்திக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் நடந்தது. ஊர், ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். நடக்கச் சிரமம் என்று ஒன்பது நாள் டியூபை எடுக்கவே இல்லை. ஒரு நாள் பையிலிருந்து சாம்பிள் போனது, ஈஸ்ட் வந்தது. காய்ச்சலோ வலியோ கிடையாது. டிஸ்சார்ஜ் அன்று டியூபை எடுத்தார்கள், ஃப்ளுகோனசோல் 14 நாளுக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான் அப்போது வெளியூரில்.

நாலாவது நாள் விடியற்காலை சித்தப்பா போன் செய்தார். போனை வாங்கிய சித்தி, "கை காலெல்லாம் நடுங்குதுப்பா, வேர்த்துக் கொட்டுது" என்றார். குளுக்கோமீட்டரில் 48. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, கால் மணி நேரத்தில் திரும்பப் பார்த்து, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர் பல வருஷமாகச் சாப்பிடும் க்ளிமெபிரைடை உடம்பு உடைத்து வெளியேற்றும் வழியை ஃப்ளுகோனசோல் அடைத்துவிடும். பழைய அளவு மாத்திரையே இரண்டு மடங்கு வேலை செய்ததுபோல ஆகிவிட்டது. அந்த மருந்து அவருக்குத் தேவையே இருந்திருக்காது. இரண்டு மருந்தையும் நிறுத்திவிட்டுப் பார்த்த அடுத்த கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை.

அதனால் மருந்து எழுதும்போதே நோயாளி சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் டாக்டர் முன்னால் வையுங்கள். க்ளிமெபிரைட், கிளிபென்கிளமைடு, க்ளிக்லாசைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடாயின், மாற்று சிறுநீரகத்துக்கான டாக்ரோலிமஸ், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்கள், இதயத் துடிப்பின் தாளத்தை மாற்றக்கூடிய மருந்துகள் எல்லாமே கவனிக்க வேண்டியவை. கர்ப்பிணி என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகள் பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்றை அதிகப்படுத்தும். அங்கிருக்கும் ஈஸ்ட் சாம்பிளிலும் கலக்கும், அதையும் நினைவுபடுத்துங்கள்.

படி 8: போகவில்லை என்றால் ஸ்கேன்

டியூபை எடுத்தாயிற்று, சரியான மருந்தும் கொடுத்தாயிற்று, இன்னும் ஈஸ்ட் வருகிறது, அல்லது காய்ச்சல் விடவில்லை. அப்போது உள்ளே எங்கோ அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல், வீங்கிய புராஸ்டேட், பழைய ஸ்டென்ட், அல்லது ஈஸ்ட்டே திரண்டு உருண்டையாகி வழியை அடைத்திருக்கலாம். அந்தப் பூஞ்சை உருண்டை சிறுநீரகத்தின் வாயை அடைத்தால் மாத்திரையால் மட்டும் கரையாது. எடுக்க வேண்டும், அல்லது முதுகு வழியாகச் சிறுநீரகத்தில் குழாய் போட்டு வடிய விட்டு, அதன் வழியே ஆம்போடெரிசின் விட்டுக் கழுவ வேண்டும். சிறுநீர் அளவு திடீரென்று குறைந்தால், அல்லது சிறுநீரில் வெள்ளைத் துணுக்குகள் வந்தால் காலைவரை காத்திருக்காமல் சொல்லுங்கள்.

டியூப் தேவைப்படும் நாட்களில் அட்டெண்டர் (நோயாளியோடு இருப்பவர்) செய்ய வேண்டியது

பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஸ்கேனுக்கு ட்ராலியில் தள்ளிப் போகும்போது பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைப்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் பையில் தேங்கியது திரும்ப உள்ளே ஓடும். நகர்த்துமுன் பையைக் காலி செய்யுங்கள், ட்ராலியின் பக்கக் கம்பியில் கீழாகத் தொங்க விடுங்கள்.

பையைக் காலி செய்யும் ஜக் ஒவ்வொரு நோயாளிக்கும் தனி. ஒரே ஜக் ஆறு பெட்டைச் சுற்றி வந்தால் ஒருவரின் ஈஸ்ட் ஆறு பேருக்கும் போகும். பையின் குழாய் முனை ஜக்கில் படக் கூடாது. தொடும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். டியூப் தொடையில் ஒட்டப்பட்டிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். தினம் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும், டியூபைச் சுற்றி ஆயின்ட்மென்ட் தடவ வேண்டியதில்லை. கிருமி வராமல் இருக்க முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள், அது ஈஸ்ட்டுக்கு இடம் போட்டுக் கொடுக்கும்.

டியூபோடு வீட்டுக்கு அனுப்பினால், டிஸ்சார்ஜ் சம்மரியில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: டியூப் போட்ட தேதி, எதற்காகப் போட்டது, எந்தத் தேதியில் யார் எடுப்பார்கள். மூன்றாவது காலியாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.